பன்னிரண்டு பாகம் நூல்

கோத்தகிரி
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள இனிகோ மச்சானுக்கு,

கஸ்பார் எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உங்கள் வலது கையும் காலும் எப்படி இருக்கின்றன? ஹில்டா அக்காவும் என் குட்டி மருமகள் பிலோமியும் சுகம்தானே? மாதா கோயில் திருவிழாவுக்கு வர முடியவில்லை. கடையில் வேலை அதிகம்.

கடை என்றால் செந்தில்வேல் அண்ணாச்சியின் மளிகைக் கடை. அவருக்குச் சொந்த ஊர் சாயர்புரம். மலை ஏறி முப்பது வருடம் ஆகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் மலை ஏறவில்லை. அவர் சம்சாரம் சுடலைச்செல்வி அக்கா அதே கடையின் ஒரு மூலையில் உல்லன் நூல் விற்கிறார். குரோஷா ஊசியில் குல்லாய், மப்ளர் எல்லாம் போட்டுத் தருவார். இந்தக் குளிரில் அதற்கு நல்ல கிராக்கி.

ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை நீங்கள் தெருவில் எறிந்துவிட்டதாக அக்கா எழுதியிருந்தாள். விரலை அசைக்காவிட்டால் கை அப்படியே நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னாராம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. சுடலைச்செல்வி அக்காவிடம் சொன்னேன். "பந்தை எவன் அமுக்குவான்? நூறு தடவை அமுக்கினாலும் கையில என்ன மிஞ்சுது? குரோஷா போடச் சொல்லு. செஞ்ச வேலைக்கு அடையாளம் கண்ணு முன்னால கிடக்கும்லா" என்றார்.

அதனால்தான் இந்தப் பார்சல். வாடாமல்லி நிறத்தில் ஒரு நூல் உருண்டை. தடித்த மர ஊசி ஒன்று, முனை கொக்கி போல இருக்கும். புதிதாகப் படிக்கிறவர்களுக்குக் கறுப்பு நூல் ஆகாதாம், கண்ணி கண்ணுக்குத் தெரியாதாம். முதலில் நூலில் ஒரு சுருக்குப் போடுங்கள். அதற்குள் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி, சுருக்கின் வழியே வெளியே இழுங்கள். அது ஒரு கண்ணி. மறுபடியும் அதையே செய்யுங்கள். கண்ணி கண்ணியாகப் போனால் சங்கிலி.

தப்பு வந்தால் பயப்படாதீர்கள். ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போட்டது அத்தனையும் உருவிக்கொண்டு வந்துவிடும். நூலுக்கு ஒரு சேதமும் இல்லை. திரும்ப முதலிலிருந்து போடலாம். வேறு எந்த வேலையில் இந்த வசதி இருக்கிறது, சொல்லுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்துக் கண்ணி போதும்.

என்றும் உங்கள் மைத்துனன்,
கஸ்பார்


தூத்துக்குடி
3 செப்டம்பர் 2023

அன்புத் தம்பி கஸ்பாருக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் இருக்கிறோம். நீ குளிருக்குப் போர்த்திக்கொண்டு படுக்கிறாயா? மச்சானுக்குப் பேனா பிடிக்க வரவில்லை, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றக் கூடாதாம். இதோ:

"ஏலே மாப்ள, ஆறு வயசுல வலை ஊசி பிடிச்சவன் நான். இருவது வருஷம் கடலுக்கு அடியில சங்கு எடுத்தவன். என்னையப் போயி குல்லாய் போட உக்கார வைக்கப் பாக்கியா? ஒருத்தன் பாத்தாப் போதும், திரேஸ்புரமே சிரிக்கும். ஊசி பிலோமிக்குத் தலை சொறிய ஆச்சு. நூலு பூனைக்கு ஆச்சு. நீ உன் சோலியைப் பாரு."

அவர் சொன்னது இவ்வளவுதான். இனி நான் சொல்கிறேன். நூல் பூனையிடம் இல்லை, அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நேற்று குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த ஊசியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காது குடைவதுபோலப் பாசாங்கு செய்தார். விரல் தடிமன் ஊசியால் எந்தக் காதைக் குடைய முடியும்?

நீ விடாமல் எழுது. மார்ச் மாதம் கடலில் அவர் மயங்கிப் போனபோது கயிறு உன் கையில் இருந்ததால்தான் எனக்கு அவர் மிஞ்சினார். அந்தக் கை அனுப்பின ஊசியை அவர் எறியமாட்டார்.

ஏன் போன் வைத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாய்? இந்தத் தெருவில் கல்யாணப் பத்திரிகையைத் தவிர தபால் வருகிற ஒரே வீடு நம் வீடுதான். போஸ்ட்மேன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அன்புடன் அக்கா,
ஹில்டா


கோத்தகிரி
15 செப்டம்பர் 2023

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் திட்டு கிடைத்தது. திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நான் சுகம். அக்காவுக்குச் சொல்லுங்கள், இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் குரோஷா தெரியாது. உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோது மூன்று நாள்தான் படித்திருந்தேன். ஒரு பாடம் நான் முன்னால் படித்து உங்களுக்கு அனுப்பலாம் என்று திட்டம். போன வாரம் என் முதல் மப்ளரை முடித்தேன். அண்ணாச்சி தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, இது மப்ளரா, மடவை மீனா? நடுவுல பெருத்து ரெண்டு பக்கமும் சூம்பிக் கிடக்கு" என்றார். ஒவ்வொரு வரிசையிலும் கண்ணியை எண்ணாமல் விட்டதால் வந்த வினை. அக்கா அதைக் குப்பையில் போட விடவில்லை. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். அடுத்த மப்ளர் முடிந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். "கூட வேலை பாக்குதவளப் பாத்தா மனசு விட்டுப் போகும். நீ போன வாரம் போட்டதைப் பாரு, மனசு நிமிரும்" என்கிறார்.

உங்களுக்கு அவர் சொல்லி அனுப்பியவை: ஊசியைப் பேனா மாதிரிப் பிடிக்க வரவில்லை என்றால் கத்தி மாதிரிப் பிடிக்கலாம், இரண்டும் சரிதான். விரல் வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மறுநாள் கை தானாகக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து வைத்திருக்கும். முதல் இருபது முப்பது கண்ணி எல்லோருக்கும் கோணல்தான். அதைப் பார்த்து விட்டுவிடுகிறவர்கள்தான் "எனக்கு வராது" என்று காலம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களாம்.

தெருவில் சிரிப்பார்கள் என்று பயமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இங்கே கடைக்கு வருகிற பெண்கள் என்னைப் பார்த்தும் சிரிக்கத்தான் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி, அந்த ஓரத்தை எப்படிப் போட்டாய் என்று கேட்டாள்.

போன் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அது இல்லாமல் இருப்பதுதான் எனக்கு நல்லது.

அன்புடன்,
கஸ்பார்


தூத்துக்குடி
11 அக்டோபர் 2023

மாப்ள,

இது என் கையெழுத்துதான். சிரிக்காதே.

தினம் நாலு வரி எழுது என்று டாக்டர் சொன்னார். யாருக்கு எழுத? இனி நானே எழுதி நானே ஒட்டுவேன். உன் கடிதத்தையும் நானே பிரிப்பேன். ஹில்டா படிக்கமாட்டாள்.

உள்ளே இருப்பதைப் பார். பதினோரு கண்ணி. ஆறு நாள் ஆனது.

சுகமாக இரு.

இனிகோ


கோத்தகிரி
21 அக்டோபர் 2023

என் அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தேன். உறையிலிருந்து அந்தச் சங்கிலி தராசுத் தட்டில் விழுந்தது. தராசை அப்படியே விட்டுவிட்டேன். கடைக்குப் பின்னால் போய்விட்டேன். அண்ணாச்சி ஓடிவந்து, "என்னலே, ஊர்ல யாருக்கும் என்னமும் ஆயிட்டா?" என்றார். ஒன்றும் ஆகவில்லை, என் மச்சான் பதினோரு கண்ணி போட்டிருக்கிறார் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அவர் சம்சாரத்துக்கு விளங்கியது.

சுடலைச்செல்வி அக்கா அதை விரலால் நீவிப் பார்த்தார். "முதல் நாலும் இறுக்கம். அடுத்த மூணும் தொளதொளன்னு கிடக்கு. கடைசி நாலும் ஒண்ணுபோல இருக்கு. இந்த ஆளு படிச்சுக்கிடுவாரு" என்றார். யாரையும் லேசில் மெச்சுகிறவர் இல்லை அவர். என்னைப் பற்றி இன்னும் இப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

இனிமேல் கண்ணி எல்லாம் ஒரே சீராக வருவதற்கு வழி சொல்கிறேன். ஊசி பிடிக்கிற கையை எல்லோரும் பார்ப்பார்கள், ஆனால் விஷயம் நூல் பிடிக்கிற கையில் இருக்கிறது. இடது கைச் சுண்டு விரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேலாகக் கொண்டுவாருங்கள். இறுக்கிப் பிடித்தால் அடுத்த கண்ணிக்குள் ஊசி நுழையாது. கையை விட்டுவிட்டால் கண்ணி தொங்கிப்போகும். அந்தப் பக்கம் இழுக்கும்போது இந்தக் கை கொடுக்க வேண்டும். கொடுத்துக்கொண்டே இருந்தாலும் ஒரு நொடிகூடக் கையை விட்டு

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை மச்சான். செய்து பாருங்கள், புரியும்.

அடுத்து, சங்கிலியைத் திருப்பி இரண்டாவது வரிசை போட வேண்டும். அது வந்துவிட்டால் அகலம் வரும், உருப்படியாக ஒரு பொருள் வரும். இன்னும் இரண்டு உருண்டை நூல் அனுப்புகிறேன்.

கஸ்பார்


தூத்துக்குடி
8 நவம்பர் 2023

மாப்ள,

நூல் வந்தது. நாங்கள் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இப்போது போடுகிறேன். இரண்டு நாள் சிரித்தார்கள். பிறகு வலை பொத்துகிற பயல்கள் வந்து, "அண்ணே, இது என்ன முடிச்சு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முடிச்சே இல்லை, வெறும் கண்ணிதான் என்றேன். நம்பவில்லை. ஒரு இழுப்பு இழுத்து எல்லாவற்றையும் உருவிக் காட்டினேன். அன்றைக்குப் போட்ட முப்பது கண்ணியும் போனது. ஆனால் அவன்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இரண்டாவது வரிசை எனக்கு வேண்டாம். சங்கிலி மட்டும் போடுகிறேன்.

நூல் பிடிக்கிற கையைப் பற்றி எழுதியிருந்தாய். பாதியில் நிறுத்தியும் இருந்தாய். அதை நாலு தடவை படித்தேன். மாப்ள, கட்டிவைத்த கயிறும் கையில் பிடித்த கயிறும் ஒன்று இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இடுப்பில் கயிறோடு இருபது வருடம் கடலுக்கு அடியில் இருந்தவன். மேலே பிடிக்கிறவன் பசியோடு பிடிக்கிறானா, தின்றுவிட்டுப் பிடிக்கிறானா என்பதைக்கூட இடுப்பு சொல்லிவிடும்.

மே மாதம் பிலோமிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். தாய்மாமன் மெழுகுதிரி ஏற்றித் தராமல் பீடத்துக்குப் போகமாட்டேன் என்கிறாள். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.

இனிகோ


தூத்துக்குடி
12 ஜனவரி 2024

தம்பி கஸ்பாருக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இரண்டு மாதமாக மச்சானுக்கு ஒரு வரி எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அண்ணாச்சி போனிலிருந்து கூப்பிட்டாய். "எல்லாரும் உசிரோட இருக்கியளா?" என்று கேட்டாய். இருக்கிறோம் என்றேன். மச்சானிடம் தருகிறேன் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். பக்கத்து வீட்டு மாடிக்கு அவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ஆதார் கார்டை எடுக்கவில்லை, மாத்திரையை எடுக்கவில்லை, மடியில் அந்த நூல் பையை வைத்துக்கொண்டு போனார் மனுஷன். தினமும் முப்பது நாற்பது கண்ணி போடுகிறார். சரியில்லை என்று பாதியை அவிழ்க்கிறார். வெறும் சங்கிலிதான். இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றால், "ஏளா, உனக்குத் தாலிக்கொடி பின்னுதேன்" என்கிறார். ஆனால் வலது கை இப்போது தானே தேநீர்க் கிளாஸைத் தூக்குகிறது. அதற்கு நீதான் காரணம். என் கண்ணே, அதற்காக உன் பெயரைச் சொல்லி மாதாவுக்கு மெழுகுதிரி வைத்தேன்.

உன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மச்சான் இப்படிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால் மலைக்கு ஓடிவிட்டாய். ஆனால் நீ எதற்கு ஒளிய வேண்டும்? முத்துக்குளித்த காலத்திலிருந்தே கடலுக்குள் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சினன்தான். கூடப் பிறந்தவள் தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டான் என்றுதான் அந்த வழக்கம். நீ விடவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வருகிறபோது ஒருத்தி, அவசரப்பட்டு இழுத்துவிட்டான் உன் தம்பி என்றாள். நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டேன். "என் தம்பி கையில கயிறு இல்லன்னா இன்னைக்கு நான் வெள்ளைச் சேலை கட்டியிருப்பேன்" என்றேன்.

மச்சான் வாசல் நாற்காலியில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே கண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

எழுது தம்பி.

ஹில்டா


கோத்தகிரி
28 ஜனவரி 2024

மச்சான்,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

கயிறு என் கையில் இல்லை. உங்களுக்கு அது தெரியும் என்று நவம்பரில் நீங்கள் எழுதியபோதே புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து எழுதிக் கிழித்துப் போட்டேன். அக்கா எனக்காகத் தெருவில் சண்டை போட்டாள் என்று படித்த பிறகும் எழுதாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று நீங்கள் அளக்கிற கணக்கில், அன்றைக்கு நீங்கள் பன்னிரண்டு பாகம் ஆழத்தில் இருந்தீர்கள். வள்ளத்தில் உங்களுக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரசரின் இரும்புக் காலில் கயிற்றைக் கட்டிவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். டிரைவர் பின்னால் படுத்திருந்தார். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு நாய்க்குட்டி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் குரைக்கும். அது முடிந்ததும் இன்னொன்று வந்தது. அதையும் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் மச்சான். உங்களுக்குக் காற்று வருகிற டியூப் எப்போது மடங்கியது, நீங்கள் எத்தனை தடவை கயிற்றை ஆட்டினீர்கள், எதுவும் எனக்குத் தெரியாது. அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும்தான் தெரியும்.

திரும்பிப் பார்த்தபோது கயிறு அந்த இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் அவிழ்த்து ஒரே மூச்சில் இழுத்துவிட்டேன். மெதுவாக ஏற்று, இரண்டு இடத்தில் நிறுத்து, சட்டென்று தூக்கினால் உடம்புக்குள் காற்று வெடித்துவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். கயிறு கையில் இருந்திருந்தால் முதல் ஆட்டத்திலேயே தெரிந்திருக்கும். நிதானமாக ஏற்றியிருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கயிறு உன் கையிலதான தம்பி இருந்துச்சு?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றேன். அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவள் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அணைத்த போன் என் பெட்டிக்குள் கிடக்கிறது. நான் அதைத் திறக்கவில்லை.

உங்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தது உங்களுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் விரல் ஒன்று அசைந்தால் எனக்குள் ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பதினோரு கண்ணி வந்த அன்றைக்குக் கூடிப்போனது. தப்பு செய்தால் இழுத்து அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்று எவ்வளவு சுலபமாக உங்களுக்கு எழுதிவிட்டேன்.

நீங்கள் அக்காவிடம் சொல்லலாம். சொன்னால்தான் நியாயம். புதுநன்மைக்கு வேறு யாரையாவது மெழுகுதிரி ஏற்றச் சொல்லுங்கள்.

கையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். என் மேல் உள்ள கோபத்தில் ஊசியைத் தூர எறிந்துவிடாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கஸ்பார்


கோத்தகிரி
10 மார்ச் 2024

மச்சான்,

பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் போஸ்ட்மேன் தலை தெரிந்தால் கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது. அண்ணாச்சி நேற்று, "ஏலே, அந்த மனுசன் உனக்கு அப்படி என்ன கொண்டு வாரான்? சீனிக்குப் பதில் ரவையை அள்ளிப் போடுத" என்று சத்தம் போட்டார்.

இத்துடன் பிலோமிக்கு ஒரு ஜெபமாலைப் பை வைத்திருக்கிறேன். வெள்ளை நூலில் நான் போட்டது. ஏழு தடவை அவிழ்த்தேன். சுடலைச்செல்வி அக்கா பார்த்துவிட்டு, ஆணியில் கிடந்த அந்த மடவை மீன் மப்ளரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். யார் போட்டது என்று பிலோமியிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் இன்னும் போடுகிறீர்களா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஒரு கண்ணியை உறையில் போட்டு அனுப்பினால்கூடப் போதும்.

கஸ்பார்


தூத்துக்குடி
24 ஏப்ரல் 2024

மாப்ள,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, எப்படி இருப்பாய் என்று தெரியும்.

உன் இரண்டு கடிதங்களும் என் பழைய முங்கு கண்ணாடி டப்பாவுக்குள் இருக்கின்றன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் ஊசியைத் தொடவில்லை. நாலாம் நாள் எடுத்தேன். உனக்காக இல்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

எனக்கு அன்றைக்கே தெரியும். கடலின் அடித்தரையில் கால் ஊன்றிக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கையில் பிடித்த கயிறு அலைக்குத் தக்கபடி விட்டுக்கொடுக்கும். கட்டின கயிறு வெடுக் வெடுக்கென்று இடுப்பை இழுக்கும். அப்போதே மேலே ஏறி வந்து உன்னை நாலு சாத்துச் சாத்தியிருக்க வேண்டும். பயல் ஒன்றுக்குப் போயிருப்பான், வந்துவிடுவான், அதற்குள் இன்னும் நாலு சங்கு பார்ப்போம் என்று நினைத்தேன். அது என் புத்தி. அதனால் உன் தப்பு ஒரு இம்மியும் குறையாது, தெரிந்துகொள்.

இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றால், நீயாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீ பாட்டுக்கு ஊசி பிடிப்பது எப்படி, நூல் பிடிப்பது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தாய். நானும் உன்னைத் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தேன். இத்துடன் வருகிற சங்கிலியில் முதல் நாலு பாகம் பூராவும் கெட்ட வார்த்தை. நடுவில் கொஞ்ச தூரம் அழுகை. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, கண்ணி மட்டும்தான். உன் வாத்தியார் அம்மாவிடம் காட்டு. கடைசி மூன்று பாகத்தில் ஒரு கண்ணி கோணல் என்று அவர் சொல்லட்டும் பார்ப்போம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொய் போதும்.

ஹில்டாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கேட்டது உன்னிடம், பொய் சொன்னதும் நீ. அவள் முகத்துக்கு நேரே வந்து நீயே சொல். அடிப்பாள். வாங்கிக்கொள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் தடுக்கமாட்டேன். அழுது முடித்துச் சோறு போடுவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியாது. மே 12 ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து சொல். ஜெபமாலைப் பையை நான் பிலோமியிடம் கொடுக்கவில்லை. மாமன் கையால் வாங்கட்டும்.

பார்சலில் இருப்பதுதான் நான் இத்தனை மாதம் போட்டது. பன்னிரண்டு பாகம். நான் கையை விரித்து அளந்தேன். வலது கை இன்னும் முழுசாக நீளவில்லை, அதனால் என் பாகம் இப்போது ஒரு சாண் குறைவு. அந்தப் பன்னிரண்டு சாணையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். அன்றைக்கு இருந்த ஆழம் சரியாக இருக்கும்.

ஒரு முனையில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். அது என் பக்கம். மறுமுனைக்கு முடிச்சுப் போடவில்லை. கடைசிக் கண்ணியில் ஊக்குக் குத்தி அனுப்பியிருக்கிறேன். கோத்தகிரியில் பஸ் ஏறும்போது ஊக்கைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணியை உன் விரலில் மாட்டிக்கொள். விரலை விட்டு நழுவி, எங்கேயாவது சிக்கி ஒரு இழுப்பு இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான். என் ஏழு மாதமும் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலேயே போய்விடும்.

பஸ்ஸில் கம்பியில் கட்டாதே, சீட்டில் கட்டாதே. தூக்கம் வந்தால் எழுந்து நின்றுகொள். வீடு வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு வா.

இனிகோ